விற்பனைக்கு இல்லாத சைக்கிள்

அக்கா,

நேற்று நீ சைக்கிளிலிருந்து விழுந்ததைப் பார்த்தவர்கள்: மாடி வீட்டு மாமா, அவர் மனைவி, வாட்ச்மேன், நான். நால்வரும் சிரித்தோம். "நாப்பது வயசுல சர்க்கஸா?" என்றார் மாமா. நீ முழங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினாய். ஒரு வாத்தியார் சிரித்ததற்கே கல்லூரியை விட்டவன் நான். எனக்கு அந்தத் தெம்பு கிடையாது.

பிரேக்கைப் பிடிக்காமல் காலை ஊன்றப் பார்க்கிறாய், கால் எட்டவில்லை. சீட்டை இறக்கிவிட்டேன். சைக்கிள் சாவி செருப்பு அலமாரியில்.

நைட் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன். சாதம் குக்கரில். என்மேல் உள்ள கோபத்தில் பட்டினி கிடக்காதே.

பி.கு.: மாமா சைக்கிளை எடுத்துப்போக வந்தார். "வித்துடறேன்னு உங்கக்காதான் சொன்னா."

"கோவத்துல சொன்னது மாமா. நாளைக்கு வேலைக்கு அதுலதான் போவா."

அவர் படியேறும்வரை நின்று, கதவைச் சாத்திப் பூட்டினேன்.