குண்டனின் இடுப்பு மூட்டு

ஜனவரி 9

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

நலம். நீயும் உன் பஸ்ஸும் நலமென நம்புகிறேன். நாய் டாக்டர் போன் செய்தார். குண்டனுக்கு இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்து, எழவே திணறுகிறானாம். நாம் பிரிந்து, நான் இந்த ஊருக்கு ஃபோர்மேன் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆனாலும், அவன் என் பெயரில் பதிவான நாய். பதினோரு வயதாகிவிட்டது. ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். வீம்பு பிடிக்காதே.

உன் கணவன்

ஜனவரி 15

மதிப்புக்குரிய ஃபோர்மேன் அவர்களுக்கு,

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பதிவு யார் பெயரில் இருந்தாலும், தினமும் அவனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவது நான்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் பிரித்து மூட்டில் போடலாம். ஆனால் மயக்கம் கொடுத்து அறுப்பதை அவன் இதயம் தாங்காது. இல்லையென்றால் அவன் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுழற்றி, பிரிந்து வரும் பிளாஸ்மாவை மூட்டுக்குள் ஊசியாகப் போடலாம்.

"தேஞ்ச மூட்டு புதுசா முளைக்காதும்மா. வலி குறையலாம். குறையாமலும் போகலாம்."

"போடுங்க டாக்டர்," என்றேன். நாளைக்குப் போடுகிறார்.

டிரைவர்

ஜனவரி 22

டிரைவரம்மாவுக்கு,

ஊசிக்குப் பிறகு இன்னும் மோசம் என்று கேள்விப்பட்டேன். என்மேல் உள்ள கோபத்தை அந்த வாயில்லா ஜீவனை வைத்துத் தீர்த்துக்கொள்கிறாய். அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு வருகிறேன். அன்றும் அவன் படுத்தே கிடந்தால், நானே தூக்கிக்கொண்டு போய் முடித்துவிடுவேன்.

கணவன்

பிப்ரவரி 23

உங்களுக்கு,

முதல் வாரம் வீக்கம். என் கையால் கொடுத்தும் தின்னவில்லை. "நீங்கள் சொன்னதே சரி" என்று உங்களுக்கு எழுதி, ஸ்டாம்பும் ஒட்டினேன். தபாலில் போட மனம் வரவில்லை.

இருபதாம் நாள் காலை, டூட்டிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கதவருகே நகம் உரசும் சத்தம். தானே எழுந்து வந்திருக்கிறான். பின்கால் நடுங்குகிறது, ஆனால் நிற்கிறான். அன்று பஸ் கால் மணி நேரம் தாமதம். என் சர்வீஸிலேயே முதல் தடவை.

ஞாயிறன்று நீங்களே பார்த்தீர்கள். நொண்டிக்கொண்டே உங்களோடு தெருமுனைவரை நடந்தான். திரும்பி வந்ததும், "இனிமே நானும் இங்கேயே இருந்துடட்டுமா?" என்று கேட்டீர்கள். நான் அவனுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன்: வேண்டாம். படுத்துக் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர், நடக்கும்போது துணைக்கு வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் எப்போதோ ஆறிவிட்டது.

ஆனால் உங்களைக் கண்டதும் அவன் வாலாட்டினான். அதை நான் மறைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள். சாவி போட்டுத் திறக்காமல், மணியடித்துவிட்டு வெளியே நில்லுங்கள். அவன் கதவருகே வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும்.

டிரைவர்