விசாலத்தின் ஆணி

அன்புத் தங்கை விசாலத்துக்கு,

உன் பாயை யாரும் சுருட்டவில்லை அம்மா. எதையும் வரிசையாகச் சொல்லிப் பழகிய உன் அண்ணன் இன்றைக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

படுக்கையில் கிடந்தபோது நீ கேட்டது அது ஒன்றுதான். "அந்தப் பாயை மட்டும் சுருட்ட உட்றாதீங்கண்ணா." தலையாட்டினேன். ஆட்டும்போதே பயம். பென்ஷன் வாங்கிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கிழட்டு டாக்டர் நான். ஆஸ்பத்திரியில் குழந்தைகளை விளையாடவிட்டுப் பார்க்கும் உன் அறைக்குப் போய், பட்டத்தோடு புதிதாக வந்த டாக்டர் பிள்ளைகள் முன் நின்று என்ன சொல்வேன்? காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். குழந்தை எந்த வயதில் எப்படி வளரும், எதற்கு முரண்டு பிடிக்கும், பயந்தால் யார் முகத்தைத் தேடும் என்பதெல்லாம் நீ தரையில் உட்கார்ந்து கற்றது. எனக்கு நாற்காலி வைத்தியம்தானே தெரியும்?

ஆனாலும் உன் விதியை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தேன். அறைக்குள் வரும் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வாசல் ஆணியில் மாட்டிவிட வேண்டும். பாயில் உட்கார வேண்டும். குழந்தை தானாக விளையாட ஆரம்பிக்கும்வரை அதைத் தொடக் கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். நீ சொன்னால் கேட்டார்கள். நான் சொன்னபோது, சங்ககிரியிலிருந்து வந்த சுந்தரம் என்கிற இளம் டாக்டர் என் காதில் விழும்படியே சொன்னான்: "ஏனுங்க, பாயில உக்காந்து பல்லாங்குழி ஆடறதுக்கா இத்தன வருசம் படிச்சோம்?" மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

பெரிய டாக்டருக்கு அந்த அறையின் மேல் கண். மேட்டூர் அணை வேலை நடக்கும் பக்கமெல்லாம் முறைக்காய்ச்சல். அதற்குக் கொடுக்கும் கொயினா மருந்துப் பெட்டிகள் வைக்க இடமில்லாமல் வராந்தாவில் குவிந்துகிடந்தன. என்னைக் கூப்பிட்டு, "வேடிக்கை பாக்கறதுக்கு வைத்தியம்னு பேர் வச்சா எப்படி சார்? மேஜைமேல வச்சுப் பாத்தா தெரியாத ஒண்ணை உங்க பாய் காட்டட்டும். இந்த மாசத்துக்குள்ள காட்டுங்க. இல்லேன்னா ரூம் பெட்டிக்குத்தான்" என்றார். நியாயமாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் கலக்கம்.

மாதம் முடியப்போகும் சமயத்தில் ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு தறிக்காரர் மனைவி வந்தாள். பெயர் பொன்னம்மா. இடுப்பில் மகள் செல்லாயி. மூன்று வயது ஆகப்போகிறது, நடை வரவில்லை. பெரிய டாக்டரே மேஜைமேல் வைத்துப் பார்த்திருந்தார். குழந்தை பொம்மைபோல அசையாமல் உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. கால் எலும்பில் குறையில்லை. மூளை வளர்ச்சிதான் குறைவு என்று தாயிடம் சொல்லிவிட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அழைத்துவந்தேன். ஏன் என்று கேட்காதே. வேறு குழந்தை அன்றைக்கு வரவில்லை.

நம் அறையின் நடுவில் கூரையைத் தாங்கும் மரத்தூண் ஒன்று உண்டே, பாயை விரிக்கவிடாமல் இடைஞ்சல் செய்கிறது என்று நீ திட்டுவாயே, அதைச் செல்லாயி பார்த்துவிட்டாள். பாயில் இறக்கிவிட்டதும் தவழ்ந்துபோய் அதைப் பிடித்து எழுந்து நின்றாள். பிறகு ஒரு கையைத் தூணில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். நடந்தாள் விசாலம்! என் கைகளை முதுகுக்குப் பின்னால் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மரக்கிளி ஒன்றை உருட்டிவிட்டேன். தூணுக்குச் சற்றுத் தள்ளிப்போய் நின்றது. குழந்தை தூணை விட்டு ஆசையாய் ஓரடி வைத்தாள். சட்டென்று நின்றாள். எதுவும் தடுக்கவில்லை, யாரும் அதட்டவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் எத்தனையோ யோசித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

"சார்," என்றான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சுந்தரம். கேலி இல்லாத குரல். "நிக்கறப்பெல்லாம் கை பின்னால போகுதுங்க. இடுப்பத் தடவுது பாருங்க. எதையோ தேடுது."

தாயிடம் அவனே திரும்பினான். "ஏனுங்கக்கா, ஊட்ல பாப்பாவ எங்க உட்டு வெச்சிருப்பீங்க?"

பொன்னம்மா தயங்கினாள். "தறிக்குழி இருக்குதுங்களே சாமி. அவங்க குழியில கால உட்டு நெய்யறாங்க, நான் ராட்டை சுத்தறேன். புள்ள உழுந்துருமுங்க. அதான் பழஞ்சீலையில இடுப்போட சேத்து தூண்ல கட்டிருவேன். எங்க தெருவுல அல்லாரும் அப்படித்தானுங்க. பொழுது சாய அவுத்து இடுப்புல தூக்கிக்குவேன்."

அவ்வளவுதான் அம்மா. அவிழ்த்தால் இடுப்பு, இறக்கினால் கட்டு. இரண்டுக்கும் நடுவில் அந்தக் குழந்தைக்குத் தரையே கிடைக்கவில்லை. இப்போது இடுப்பில் இல்லாத சீலை எவ்வளவு தூரம் விடும் என்பதை அது மறக்காமல் வைத்திருந்தது. இதுவா மூளைக் குறைவு?

சுந்தரம் தாய் காதில் ஏதோ சொன்னான். பொன்னம்மா குழந்தைக்குப் பின்னால் குந்தி, இல்லாத முடிச்சை அவிழ்த்தாள். வீட்டில் சொல்வதையே சொன்னாள்: "அவுத்துட்டேன் சாமி." ஆனால் தூக்கவில்லை. எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று கையை நீட்டினாள். "வா கண்ணு. அம்மாகிட்ட வா."

செல்லாயி இடுப்பைத் தடவிப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். கிளியை மிதித்துக்கொண்டு, கையை விரித்துத் தள்ளாடி, தாயின் முழங்காலில் போய் மோதினாள். "அய்யோ, எஞ்சாமி நடக்குதுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மருந்து வாங்க நின்ற கூட்டமே வாசலுக்கு வந்துவிட்டது. சுந்தரம் விதியை மறந்து கைதட்டினான். நானும்தான். என் வாழ்நாளில் பொது இடத்தில் கைதட்டியது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரிய டாக்டர் வந்தார். குழந்தை இன்னொரு தடவை நடந்தது. தாயைப் பார்த்து, "நான் சொன்னது தப்பும்மா" என்றார். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வரும்? பிறகு கழுத்தில் இருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி உன் ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியில்லை விசாலம், கால்சட்டை, முட்டி மடங்காமல் சிரமப்பட்டுப் பாயில் உட்கார்ந்தார். "சுந்தரம், அந்தக் கிளியை இப்படி உருட்டுங்க" என்றார்.

இப்போது புதிதாக வரும் ஒவ்வொரு டாக்டரும் உன் பாயில் பழகிவிட்டுத்தான் வார்டுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. ஜலகண்டாபுரத்துக்கும் போய்வருகிறோம். சீலையில் கட்டாதே என்று தாயிடம் சொல்வது சுலபம். குழி அங்கேயேதானே இருக்கும்? அதனால் தறிக்குழியைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டச் சொல்லித்தருகிறோம். முதல் தட்டியைச் சுந்தரமே கட்டினான். கோணலாக இருந்தது. "டாக்டரு தட்டி ஆடு தாண்டும், எம்புள்ள தாண்டாதுங்க" என்று செல்லாயியின் அப்பா சிரித்தார். செல்லாயி தெருவில் ஓடுகிறாள், வாயும் ஓய்வதில்லையாம்.

நான் இன்னும் பயந்தவன்தான். புது டாக்டர்களுக்கு வகுப்பு எடுக்கும் முன்னால் பாடத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் உன்னுடையது, கடன் வாங்கிய அறிவு என்று தோன்றும். அப்புறம் ஒரு குழந்தை பாயில் இறங்கும். எனக்கே தெரியாத ஒன்றை அது செய்யும். நீயும் இப்படித்தான் ஒவ்வொரு நாளும் தெரியாமல்தான் உட்கார்ந்தாயா?

ஒரு சங்கதி. ஆணி தாங்கவில்லை. போன வாரம் அத்தனை ஸ்டெதாஸ்கோப்புகளின் பாரம் இழுத்துச் சுவரோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரித் தச்சன் பெரிய பலகையாய் அடிக்கிறேன் என்றான். அடிக்கட்டும். ஆனால் உன் ஆணியை நானே சுண்ணாம்பு குழைத்து அதே இடத்தில் பதித்துவிட்டேன். என் கால் மடங்குகிறவரை பாயை விரிப்பேன். மடங்காத நாளில் சுந்தரம் விரிப்பான். கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டான்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள உன்னிடம் கற்ற,
உன் மூத்த அண்ணன்.