செம்புக்குக் கீழே எழுதிய பெயர்கள்

அக்கா,

இன்று காலை பாயசத்துக்குச் சாதிக்காய் துருவினேன். வாசம் எழுந்ததும், சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் சோளக்கஞ்சி காய்ச்சுகிறீர்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள்.

நாடுவிட்டு இந்த லூயிஷாம் நகருக்குக் குடிவந்த முதல் வாரம், வேலிக்கு மேலால் உங்களிடம் ஊர் கேட்டேன். ஜமைக்கா என்றீர்கள். "அதுக்கு முதல்?" என்று விடாமல் கேட்டேன். ஊர் தெரியாமல் எங்கள் ஆட்களுக்குப் பேச்சு நகராது. நீங்கள் சிரித்தீர்கள். "அதைக் கப்பல்காரனிட்டத்தான் கேக்கவேணும், பிள்ளை." நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதெல்லாம் என் நினைவில் எங்கள் பேச்சாகவே தங்கியிருக்கிறது.

பிறகொரு நாள், ஆவணக் காப்பகத்திலிருந்து எடுப்பித்த பிரதியொன்றை என் மேசையில் விரித்தீர்கள். பழைய கரும்புத் தோட்டமொன்றின் சொத்துப் பட்டியல். உங்களுக்குக் கண் மங்கியிருந்தது. "நீதானே வீட்டுக் கணக்கைப் பிசகாமல் எழுதுறனி, வாசி" என்றீர்கள். அகராதி பார்த்துப் பழகிய ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினேன். கோவேறு கழுதைகள். பாகு காய்ச்சும் கொப்பரைகள். அவற்றுக்குக் கீழே ஆட்கள். உங்கள் வம்சத்து முதல் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் 'கப்பலில் வந்தவள்' என்று மட்டும் இருந்தது.

"திருப்பிப் பார், ஊர் பின்பக்கம் இருக்கும்."

பின்பக்கம் வெறுமை.

பிரதியை மடித்துக்கொண்டே கேட்டீர்கள்: "உங்கட சனத்தையும் இப்படி வித்தவங்களோ?"

"எங்களையும் வெள்ளைக்காரங்கள்தான் ஆண்டவங்கள், அக்கா" என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அந்தக் கைக்கு நான் தகுதியில்லாதவள். எங்கள் குடும்பத்துப் பழைய சீதன ஓலையை அப்பா ஒருமுறை வாசித்துக் காட்டினார். பசு இரண்டு, வெண்கலச் செம்பு நாலு, அதற்குக் கீழே இரண்டு பெயர்கள். "ஆரப்பா இவை?" என்றேன். "எங்கட அடிமையள்" என்றுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். உங்கள் பட்டியலை வாசித்தபோது அந்த வரிசை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சொல்லத்தான் பல தடவை வந்தேன். கஞ்சிக் கோப்பையை நீட்டுவீர்கள், வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கடைசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அக்கா, ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினேன். "களைப்பா இருக்கு, நாளைக்குச் சொல்லன்" என்றீர்கள். விடியும்போது நீங்கள் இல்லை.

கோயிலில் சிவனுக்கு முன்னால் எல்லாம் சொல்லி அழுதேன். ஆனால் நான் ஏமாற்றியது சிவனை அல்லவே. அந்த இரண்டு பெயர்களையாவது சொல்லி விளக்கேற்றலாம் என்று பார்க்கிறேன். செம்பு நாலு என்பது நினைவிருக்கிறது, பெயர்கள் வரவில்லை.

இப்போதும், அக்கா, உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்தான் இதை எழுதுகிறேன்.