ஊரே வாய் கட்டிய நோம்பி

என் பிடிவாதக்கார அண்ணாவுக்கு,

உன் மேல் எனக்கிருந்த கோபம் முந்தாநாள் வரைக்கும் ஆறவில்லை. முந்தாநாள் நம் சாமி நோம்பித் திருவிழாவில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் தையல் மிஷினில் உட்கார முடியவில்லை. இந்தக் கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த எனக்கு இப்படி ஒன்றைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது, அண்ணா.

முதலில் நம் பழைய சண்டை. கொரோனா வந்த வருசம் மகளிர் குழுவில் நாங்கள் மாஸ்க் தைத்தோம். உனக்கென்று நல்ல வெள்ளைத் துணியில் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். நீ அதில் தேன் வடிகட்டினாய். நன்றாக வடிகிறது, இன்னும் இரண்டு கொடு என்று வேறு கேட்டாய். ஊரே சிரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

பூசாரியான நீ, பூசைக்குப் போனால் மட்டும் வாயையும் மூக்கையும் துணியால் இறுக்கிக் கட்டுவாய். எச்சிலும் மூச்சும் சாமி மேல் படக் கூடாது. கட்டினால் பூசை முடியும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டாய். அதே போல எங்களோடு இருக்கும்போதும் கட்டு என்று எத்தனை தரம் கெஞ்சினேன்? "சாமிக்குத்தான் வாய் கட்டுவேன், மனுசனுக்குக் கட்ட மாட்டேன்" என்றாய். அடுத்த வருசம் உன்னைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலைக்கு நீ திரும்பி வரவேயில்லை. கடைசியாக உன் முகத்தைக்கூட ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் காட்டவில்லை.

கட்டியிருந்தால் பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. கட்டியும் போனவர்கள் உண்டு, கட்டாமல் பிழைத்தவர்களும் உண்டு. ஆனாலும் எனக்காக ஒரு தரம் கட்டியிருக்கலாம் அல்லவா?

சரி, வீட்டுச் சேதி கேள். உன் மகள் கவிதாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. அண்ணி தன்னுடையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பயப்படாதே, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் கவிதா தினமும் சாப்பிடும் மாத்திரை நோயை எதிர்க்கும் தெம்பைக் குறைத்துவிடுமாம். மற்றவர்களுக்கு வெறும் சளியாக வந்து போகிற கொரோனா, இவளைச் சாய்த்துவிடலாம். கூட்டத்துக்குள் மாஸ்க் இல்லாமல் போகவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார்.

இப்போது மலையில் யார் மாஸ்க் போடுகிறார்கள்? பஸ்ஸில் இவளைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து பின் சீட்டுக்குப் போனார். ஒரு பெண், திரும்ப வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே முந்தானையால் மூக்கை மூடினாள். சோளக்காட்டுச் சந்தையில் இன்னுமா இதெல்லாம் என்று ஒரே கேலி. கேலி பேசுகிறவர்களே மிளகு தூற்றும்போது தூசிக்குப் பயந்து மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். கேட்டால் அது வேறயாம்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். கோயிலில்தான் சிக்கல் வந்தது. நீ பூசை செய்த இடத்தில் இப்போது உன் மகன் சரவணன் நிற்கிறான். தம்பி செய்கிற பூசையை ஒரு தரம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். உன் சேக்காளி, நம் ஊர்க்கவுண்டர் மாமா இருக்கிறாரே, அவர் ஊர்க்கூட்டத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார். சாமி முன்னால் வாய் கட்டும் உரிமையும் பாத்தியமும் பூசாரிக்கு மட்டும்தானாம். ஒரு பெண் கட்டிக்கொண்டு நின்றால், நானும் பூசாரிதான் என்று பாத்தியம் கேட்பதாக ஆகிவிடுமாம். டாக்டர் சொன்னதற்கும் பாத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். எடுபடவில்லை. கழற்றிவிட்டு வரட்டும், இல்லையென்றால் கோயில் எல்லைக் கல்லுக்கு வெளியே நிற்கட்டும் என்று முடிவானது.

"நான் வெளியவே நின்னுக்கறேன் அத்தை" என்றாள் கவிதா. அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நோம்பியன்று கல்லுக்கு அந்தப் பக்கம், பலா மரத்தடியில் தனியாக நின்றாள். ஆண்கள் எல்லாம் வழக்கம்போல மரியாதைக்குத் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி முன்னால் நின்றார்கள். வாய் கட்டிய சரவணன் தீபத் தட்டோடு வந்தான். முதல் தீபம் ஊர்க்கவுண்டருக்கு. மாமா கை நீட்டவில்லை. அவன் முகத்தையே பார்த்தார். திரும்பி, வெளியே நின்ற கவிதாவைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்தார்.

பிறகு இடுப்புத் துண்டை அவிழ்த்தார். சாமி முன்னால் அந்தத் துண்டை அவிழ்த்த ஆளை நம் ஊர் கண்டதில்லை.

"ஒருத்தி கட்டுனாத்தான் பாத்தியம் கேக்கறதாகும். ஊரே கட்டிக்கிட்டா யாரு யாரைக் கேக்கறது?"

சொல்லிவிட்டு மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். அவ்வளவுதான் அண்ணா, வரிசையாகத் துண்டுகள் அவிழ்ந்தன. பெண்கள் முந்தானையை இழுத்து மூடினோம். சந்தையில் கேலி பேசியவர்களும் கட்டினார்கள். கொம்பு ஊதுகிறவர்தான் பாவம், வாயைக் கட்டிக்கொண்டு எப்படி ஊதுவார்? திருதிருவென்று முழித்துவிட்டு, கல்லுக்கு வெளியே போய் நின்று ஊதினார். மாமா கையசைக்க, கவிதா உள்ளே வந்தாள்.

வாய் கட்டினால் பேசக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நம் ஊர் பேசாமல் இருந்து நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? கொம்பு ஓய்ந்ததும் திரி பொரிகிற சத்தம் கேட்டது. பச்சைப் பிள்ளைகள்கூடக் கத்தவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உன் மகளுக்காக அத்தனை பேரும் தங்கள் மூச்சைப் பிடித்துக் காவல் வைத்தது போல இருந்தது. அங்கே சாமி வந்து நின்றது என்றே நான் நம்புகிறேன்.

பூசை முடிந்ததும் மாமாவிடம் போய், என்ன இப்படி மனசு மாறிவிட்டது என்று கேட்டேன். துண்டை அவிழ்க்காமலே சொன்னார்:

"வாயைக் கட்டிட்டா கண்ணுதான மிச்சம். உள்ளே ஒருத்தன், வெளியே ஒருத்தி, ரெண்டு பேருக்கும் உங்கண்ணன் கண்ணு. ரெண்டு பக்கமும் அவந்தான் நின்னான். அவனை எப்படி வெளிய நிறுத்தறது?"

நீ தேன் வடிகட்டிய மாஸ்க் என் பெட்டியில்தான் இருக்கிறது. நான் இன்னும் துவைக்கவில்லை. அடுத்த நோம்பிக்கு ஊருக்கே நான் தைத்துத் தருகிறேன். உனக்கும் ஒன்று உண்டு. கட்டினால் கட்டு, இல்லை தேனை வடிகட்டு, சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் உன் மகளை இனி ஒரு நோம்பியிலும் அந்தக் கல்லுக்கு வெளியே நிற்க விட மாட்டேன். இது நம் சாமி மேல் சத்தியம்.

கோபம் ஆறிப்போன,
உன் தங்கச்சி