யாரைக் கேட்டு நடந்தாய், அக்கா

அக்கா,

இன்று டவுன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளின் சேலையில் உப்பளத்து வாடை அடித்தது. உனக்கு இடம் விடுவதாக நினைத்து ஜன்னலோரம் நகர்ந்துவிட்டேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.

கோர்ட்டுக்குப் போகும்போதும் நாம் இப்படித்தான் ஒட்டி உட்கார்ந்து போனோம். நம் உப்புப் பாத்திக்குப் போக, பக்கத்து அளத்துப் பெரியவரின் கரையை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது. அவர் காலமானதும் மகன் அங்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டினான். ஆயுசு பூராவும் நடந்த வழி, சட்டம் நம் பக்கம்தான் என்று நம் வக்கீல் தைரியம் சொல்லியிருந்தார்.

நீ கூண்டில் ஏறினாய். எதிர் வக்கீல் ரொம்பப் பவ்யமாகத்தான் கேட்டார்.

“பெரியவரைக் கேட்டுட்டுத்தான் போவீங்களாம்மா?”

“கேக்காம போவேனாங்க? தெனமும் கரையில கால் வைக்கறதுக்கு முன்னாடி ‘போய்க்கிறேங்க’ன்னு குரல் குடுப்பேன். அவரு ‘போம்மா’ன்னுவாரு. அடுத்தவங்க எடத்துல கேக்காம கால் வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாய். நம் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே டீக்கடையில் வைத்து விளக்கினார். “கேட்டுப் போனா அது அனுமதிம்மா. எத்தனை வருஷம் போனாலும் அனுமதிதான். குடுத்தவங்க எப்ப வேணாலும் நிறுத்திடலாம். கேக்காம நடந்து, அவங்களும் தடுக்காம இருந்திருந்தா, அது வழிநடை பாத்தியதை, உங்க உரிமையாவே ஆகியிருக்கும்.”

“அப்ப மரியாதை கெட்டு நடந்திருக்கணுமா சார்?” என்றாய். அவர் டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிட்டார். அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. உன்மேலும் கொஞ்சம் இருக்கிறது.

ஓடைப் பக்கம் சுற்றிப் போக வழி இருக்கிறதே என்று தீர்ப்பில் சொல்லிவிட்டார்கள். சாதாரண நாளிலேயே முழங்கால் சேறு அது. மழை இருட்டிக்கொண்டு வந்த அன்று, வாரிக் குவித்த உப்பு கரைந்துவிடுமே என்று ஓலை போட்டு மூட ஓடினாய். மறுநாள் உன்னை ஓடையில்தான் கண்டெடுத்தோம்.

உன்னைத் தூக்கி வர அந்த மகனே கேட்டைத் திறந்துவிட்டான். அதற்குப் பிறகு பூட்டவே இல்லை. “எப்ப வேணாலும் இப்டியே போங்கம்மா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்கிறான். நல்ல மனசோடுதான் சொல்கிறான், பாவம்.

நான் ஓடை வழியாகத்தான் போகிறேன், அக்கா. சேறு ஆழமாகும் இடத்தில், எனக்குப் பின்னால் இன்னொருத்தி காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். அவன் கரையில் அந்தச் சத்தம் வராது.