உள்கிளை

ஜார்ஜ்டவுன்,
9.6.2024

என்னங்க,

இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர. இப்படி எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். எழுதிவிட்டேன்.

போனில் எதையும் பேச முடியவில்லை. நீங்கள் கூப்பிட்டாலே உங்க அக்கா பக்கத்தில் வந்து, "ஸ்பீக்கர்ல போடு லா, நானும் என் தம்பி குரலக் கேக்குறேன்" என்கிறார். அதனால்தான் கடிதம். பதிலை, என்னிடம் தைக்கக் கொடுக்கும் கிளாடிஸ் வீட்டுக்குப் போடுங்கள். ரவிக்கைத் துணிக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவாள்.

நம் அறைக்கு வெளிச்சம் தந்த நடு முற்றத்தை, மழை அடிக்கிறது என்று அக்கா தகரம் போட்டு மூடிவிட்டார். பட்டப்பகலில் விளக்குப் போட்டுத் தைக்கிறேன். நூல் கோக்க வாசலுக்குப் போனால், "புருஷன் ஊர்ல இல்லாதவளுக்கு வாசல்ல என்ன வேலை?" பாசாருக்குக் காய் வாங்கப் போனாலும் கூடவே வருகிறார். மூன்று மாதம் என்று சொல்லிப் போனீர்கள். மூன்றாவது தீபாவளி வரப்போகிறது. இதற்காவது வந்துவிடுங்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது.

உங்கள்
குமுதா


விக்டோரியா, ஆஸ்திரேலியா
3.9.2024

அன்புக் குமுதாவுக்கு,

உன் கடிதம் படித்து மனசு சரியில்லை. ஆனால் என் நிலைமை உனக்குத் தெரியாதா? விசா முடிந்தும் தங்கிவிட்டவன் நான். வேலை செய்யும் பழத்தோட்டத்துக் கேட்டைத் தாண்டவே பயம். போலீஸ் கார் வந்தால் மரத்துக்குள் பதுங்குகிறோம். ஒருதரம் கிளம்பினால் திரும்ப விடமாட்டார்கள்.

இப்போது பீச் மரமெல்லாம் பூ. பார்த்தால் வாயைப் பிளப்பாய். ஆனால் பூ எல்லாம் வெளிப்பக்கம்தான். உள்ளே வெயில் படாத கிளைகளில் வெறும் இலை மொட்டு. பாவமாக இருந்தது, போன மாதம் மேலே அடைத்திருந்ததைக் கழித்து வெளிச்சம் விட்டேன். முதலாளி சிரித்தார். போன கோடையில் பட்ட வெயில்தான் இந்த வருஷப் பூவாம். இப்போது வெட்டினால் பலன் அடுத்த வருஷமாம்.

நம் கதையும் அதுதான் குமுதா. ஒரே ஒரு சீசன் பொறுத்துக்கொள். அக்காவுக்கு வாய்தான் அப்படி, மனசு தங்கம்.

அன்புடன்
லோகேஸ்வரன்


ஜார்ஜ்டவுன்,
29.9.2024

என்னங்க,

பூக்கதை படித்தேன். போன வருஷமும் ஒரே ஒரு சீசன் என்றுதான் சொன்னீர்கள். அது போகட்டும்.

ஒன்று கேட்கிறேன், விசாரித்து எழுதுங்கள். வெயிலே படாத அந்த உள்கிளை எத்தனை வருஷம் தாங்கும்?

உங்கள்
குமுதா


விக்டோரியா
21.10.2024

அன்புக் குமுதாவுக்கு,

என் வேலையைப் பற்றி நீ அக்கறையாகக் கேட்டதே பெரிய சந்தோஷம். கோபம் தணிந்துவிட்டது போல.

முதலாளியிடம் கேட்டேன். இரண்டு மூன்று வருஷம் நிழலிலேயே கிடந்தால் காய்ந்துவிடுமாம். அப்புறம் எவ்வளவு வெயில் விட்டாலும் பூக்காது, வெட்டித் தள்ள வேண்டியதுதான். நேற்றுகூட ஒரு வண்டி வெட்டினோம். நகத்தால் கீறிப் பார்ப்போம். உள்ளே பச்சை இருந்தால் விட்டுவைப்போம், பிழைத்துக்கொள்ளும்.

தீபாவளிக்கு வர வழியில்லை. அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், உனக்குப் புடவை எடுத்துத் தருவார்கள். அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்
லோகேஸ்வரன்


பாகான் டாலாம்,
17.11.2024

என்னங்க,

கீறிப் பார்த்தேன். இன்னும் பச்சை இருக்கிறது.

தீபாவளிக்கு மறுநாள், உங்க அக்கா எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகவே வந்துவிட்டேன். "எங்கடி கெளம்பிட்ட?" என்று கத்தினார். "வெயிலுக்கு" என்றேன். வேறெதுவும் வாயில் வரவில்லை. கிளாடிஸ் காரோடு நின்றாள்.

வாடகை அறைதான். கிழக்குப் பார்த்த சன்னல். காலை வெயில் மெஷின்வரை வருகிறது. முதல் நாள் ஊசியில் நூல் கோத்துவிட்டு ஓவென்று அழுதேன்.

உங்கள்மேல் ஆசை போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் இனி சீசன் பேச்சு வேண்டாம். மரத்துக்குள் பதுங்கிக் கிடக்கும் நீங்களும் உள்கிளைதான். ஒருதரம் கீறிப் பாருங்கள்.

வீட்டு நம்பர் எழுதவில்லை. கடிதம் வந்தால் வாங்கவேண்டாம் என்று கிளாடிஸிடம் சொல்லிவிட்டேன். ஆள் வந்தால் வீட்டைக் காட்டுவாள்.

குமுதா