மாட்டுப் பொங்கலன்று வல்லூறுக்கு வைத்த இறைச்சி

மச்சான்,

உன்னுடைய பழைய கையுறை ஒன்று இப்போது என் மடியில் கிடக்கிறது. பறவை வந்து குந்துவதற்கென்று நீ இடக்கையில் போடுகிற அந்தத் தடித்த தோல் உறை. மோந்து பார்த்தேன், பச்சை இறைச்சி மணம் இன்னும் போகவில்லை. சாமான் ஒதுக்கும்போது அகப்பட்டதென்று உன் மனிசி தந்தா. "நீங்கள்தானே அண்ணை கடைசிவரைக்கும் அவரோட நிண்டனீங்கள்" என்றா.

இந்தக் குளிர்நாட்டில், புவாண்ட்-கிளேர் நகரத்து வேர்ஹவுஸ் கூரைகளில் வல்லூறை விட்டுப் புறா கலைக்கிற வேலை நம் இரண்டு பேருக்கும். எங்கட சனம் 'குருவிக்காரர்' என்று நக்கலடித்தது. உனக்கோ அது அரச உத்தியோகம். பறவை கையில் ஏறியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதினாறாம் நூற்றாண்டுக்குப் போய்விடுவாய். பிரபுக்கள் தேவாலயத்துக்கும் விருந்து மேசைக்கும் வல்லூறோடு போனதையும், அதன் கண்ணை மூடுகிற தொப்பிக்குப் பொன்நூல் தைத்ததையும் ஓயாமல் கதைப்பாய். "மகாராசா, தேத்தண்ணி ஆறுது" என்பேன்.

ஒருநாள் ஓர் இங்கிலாந்து அரசனின் கதை. வல்லூறின் பின்னால் ஓடியவன் வாய்க்காலைத் தடியூன்றித் தாவப்போக, தடி முறிந்து தலைகீழாகச் சேற்றில் புதைந்தான். கூட வந்த சேவகன் பாய்ந்து தூக்கியதால் தப்பினான். முடித்துவிட்டுக் கேட்டாய்: "நான் விழுந்தா நீ தூக்குவாய்தானே?"

"ஓமடா, காலில பிடிச்சு இழுப்பன்" என்றேன். அன்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

தினமும் காலையில் பறவையை நிறுப்பாய். நிறை கூடினால் அன்று பறக்கவிட மாட்டாய். "பசி இருக்கிறவரைக்கும்தான் அது எங்கடது, மச்சான். வயிறு நிரம்பினா ராசாவையும் மதியாது."

அன்று மாட்டுப் பொங்கல். நீ பறவையை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கோப்பி வாங்கப் போயிருந்தாய். மாடில்லாத ஊரில் நமக்கு உழைக்கிற சீவன் அது ஒன்றுதான், இன்றைக்குமா பட்டினி? பாழாய்ப்போன இரக்கம். பையில் இருந்த காடை இறைச்சி முழுவதையும் கொடுத்தேன். அது என்னையே பார்த்தபடி தின்றது.

நீ விட்டதும் கூரையைத் திரும்பியும் பாராமல் ஏரிப்பக்கம் போனது. வாகனத்தில் துரத்திக்கொண்டு கரைக்கு வந்தோம். குளிர் பிந்திய வருசம். உறைந்த ஏரியின் நடுவே அது குந்தியிருக்க, அதன் கால்மணி மட்டும் சிணுங்கியது.

"ஐஸ் மெல்லிசடா, போகாதை!" என்று கத்தினேன்.

"ஏனடா வருகுதில்லை? நிறை சரியாத்தானே இருந்தது?" என்று கேட்டபடியே நடந்தாய். நான் இறைச்சி தீத்திப்போட்டன், அதுக்கு வயிறு நிரம்பிட்டுது, வராது, திரும்பு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய். நீ ஏசுவாய் என்ற வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

உன் காலடியில் ஐஸ் பிளந்து நீ தண்ணிக்குள் போனாய். நானும் ஒரு காலை வைத்தேன். கீழே ஏரி முனகியது. காலை எடுத்துவிட்டேன்.

நாளைக்கு மாட்டுப் பொங்கல். நீ போன பிறகு ஒவ்வொரு வருசமும் உன் மனிசி சாப்பிடக் கூப்பிடுகிறா. அவ போடுகிறதை வயிறு நிறையத் தின்கிறேன். "அந்தப் பறவை ஏன் அண்ணை அண்டைக்குத் திரும்பேல்லை?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறா.

"தெரியாது தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவுகிறேன்.